தவநாயகியைக் குளிருக்கு மூடிக் கட்டியது

லண்டன் மனோர் பார்க் முருகன் மேல் ஆணை. அது போதாது என்பவர்களுக்காக, போன வருடம் கற்றரக்ட் வெட்டிய என் வலது கண்ணின் மேலும் ஆணை. கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. இடது கண்ணையும் தொட்டுச் சத்தியம் செய்திருப்பேன். அதற்கு வைகாசியில்தான் தவணை தந்திருக்கிறார்கள். அதுவரை அந்தக் கண்ணால் கண்டதற்கு நான் பொறுப்பில்லை.

இது குலசேகரம் என்ற மனிதரை நான் பழிவாங்கிய கதை. அவர் இல்ஃபோர்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர் என்று பலர் சொல்வார்கள். அந்தப் பலரையும் நான் குறித்து வைத்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். மனோர் பார்க்கில் எங்களுக்கு ஒரு முதியோர் சங்கம் உண்டு. சனிக்கிழமை மத்தியானம் மண்டபத்தில் நாற்பது பேர் சேர்ந்து சாப்பிடுவோம். போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை, ரசம் வருவதற்கு முன்பு, எண்பத்தேழாம் ஆண்டுப் பெரும் புயலைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்தப் புயலன்று விடிய நான் வேலைக்குப் புறப்பட்டவன். மனோர் பார்க்கில் குடையை விரித்தேன். காற்று வந்து தூக்கியது. இல்ஃபோர்ட் ஸ்டேசன் வாசலில்தான் கால் நிலத்தில் பட்டது. ஷிப்டுக்கு ஐந்து நிமிடம் முந்தியே போய்ச் சேர்ந்தேன். நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

எதிரே இருந்த குலசேகரம் கையிலிருந்த சோற்றை இலையில் வைத்தார்.

"அண்ணை, கோவிக்காதையுங்கோ. நானும் இருபது வருசமாப் பாக்கிறன். நீங்கள் ஒரு கலப்படமில்லாத புளுகன்."

நாற்பது பேரும் சிரித்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த றஜீவ் சிரித்த சிரிப்பில் ரசம் என் மடியில் கொட்டியது. அவன் டாக்சி ஓட்டுகிறவன், ஓட்டத்திலும் அப்படித்தான்.

ஒரு சொல்தானே என்று நீங்கள் நினைக்கலாம். அந்தச் சொல் என்ன செய்தது என்று கேளுங்கள். அடுத்த சனிக்கிழமை, "வெளியில பார்க்கிங் வார்டன் டிக்கெட் எழுதிக்கொண்டு வாறான்" என்றேன். ஒருவரும் எழும்பவில்லை. ஒன்பது கார்களுக்கு டிக்கெட் விழுந்தது. அதற்கு அடுத்த சனிக்கிழமை, "பாயாசத்தில சீனிக்குப் பதிலா உப்புப் போட்டிருக்கு" என்றேன். "அண்ணை தொடங்கீட்டார்" என்று சொல்லி முப்பத்தெட்டுப் பேர் வாய் நிறையக் குடித்தார்கள். என் சொல் செத்துவிட்டது. எழுபத்தெட்டு வயதில் கால் போகலாம், காது போகலாம், அவற்றுக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் ஏதாவது தருவார்கள். சொல் போனால் எந்த வார்டில் போய்க் காட்டுவது?

குலசேகரத்தின் வாயாலேயே, அதே மண்டபத்தில், அதே நாற்பது பேர் முன்னால் என் சொல்லை மீட்க வேண்டும். மீட்டபின், அவருடைய சொல்லை அதே இடத்தில் புதைக்க வேண்டும். இரண்டும் நடக்கும்வரை அவரோடு சிரித்துப் பேசுவது என்று முடிவு செய்தேன். நான் டாகனத்தில் ஒரு குளிர்க்களஞ்சியத்தில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவன். எதையும் கெடாமல் எத்தனை மாதம் வைக்கலாம் என்று எனக்குத் தெரியும்.

ஐப்பசியில் அவரே போன் எடுத்தார்.

"அண்ணை, தவநாயகிக்குப் போன பனிக்குள்ள ஈரம் பிடிச்சு, உள்ளுக்கெல்லாம் பூஞ்சணம். இந்த முறை பனி தொடங்க முந்தி ஒழுங்கா மூடிக் கட்டவேணும். நீங்கள் குளிருக்குள்ள சீவிச்ச ஆள். ஒருக்கா வந்து பாக்க ஏலுமோ?"

தவநாயகி அவருடைய மனைவியின் பெயர். அவர் தன் படகுக்கும் அதே பெயரைத்தான் வைத்திருந்தார். பதினாறு அடி நீளம், மேலே மூடிய அறை, அறைக்குள் இரண்டு மெத்தை, கை கழுவ ஒரு சின்னக் கிண்ணம், அதற்குக் குழாயில் தண்ணீர் வர ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. கோடையில் மூன்று தரம் ஆற்றில் இறங்கும். மற்ற நாளெல்லாம் அவருடைய மூலை வீட்டின் பக்கவாட்டில், சில்லு வைத்த வண்டி ஒன்றின் மேல், நீலத் தறப்பாளால் மூடியபடி நிற்கும்.

"எந்தத் தவநாயகி?" என்று கேட்டேன்.

"போட் அண்ணை, போட். மனுசி கனடாவில. தமையன்ர மகளின்ர கலியாணம். பங்குனியிலதான் வருவா."

"வாறன் குலம்," என்றேன். மிகவும் அன்பாகச் சொன்னேன்.

மனோர் பார்க்கில் ஏறினால் அடுத்த ஸ்டேசன் இல்ஃபோர்ட். அந்த ஒரு ஸ்டேசன் தூரத்துக்குள் ஏழு பொய்களைத் தயார் செய்தேன். என் வாழ்க்கையில் முதன்முதலாகப் பொய் சொல்லப் போகிறேன் என்ற நடுக்கம் இருந்தது. ஏழையும் விரல் மடக்கிப் பாடம் பண்ணினேன். 'தொட்டியில் தண்ணீர் நிரப்பி வை, தறப்பாளை இறுக்கி அடை' என்று தொடங்கி, படகு தைமாதத்துக்குள் உளுத்துப் போகிற மாதிரி ஏழு யோசனைகள்.

போய்ப் படகைச் சுற்றிப் பார்த்தேன். குனிந்து கீழேயும் பார்த்தேன். குலசேகரம் கையில் டேப்பும் கயிறும் வைத்துக்கொண்டு நின்றார். பொய்யைத் தொடங்க வாயைத் திறந்தால், பழக்கதோஷம், உண்மைதான் வந்தது.

"முதல் வேலை, தண்ணித் தொட்டியை ஒரு சொட்டில்லாமல் வடியுங்கோ குலம். குழாய்க்குள்ள தண்ணி நிண்டால் உறைஞ்சு வெடிக்கும்."

குலசேகரம் என்னைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது.

"வெறும் தொட்டியோட விட்டால் காத்தில போட் ஆடாதே? பாரம் வேணுமெல்லோ. இதுவும் அந்தக் குடைக் கதை மாதிரியோ அண்ணை?"

சொல்லிவிட்டு, தோட்டத்துக் குழாயை இழுத்து வந்து, நூற்றிருபது லீற்றர் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினார்.

அந்த இடத்தில்தான் எனக்கு வெளித்தது. இந்த மனிதருக்கு நான் பொய் சொல்லத் தேவையில்லை. உண்மையைச் சொன்னால் போதும், அவர் அதற்கு நேர் எதிராகச் செய்வார். என்னைப் புளுகன் என்று சொன்ன வாய், அந்த வாய்க்குச் சொந்தக்காரரின் கையையும் காலையும் எனக்கு எழுதித் தந்திருக்கிறது. தயார் செய்து கொண்டுவந்த ஏழு பொய்களையும் மடித்து உள்ளே வைத்தேன். அவற்றை இன்றுவரை பாவிக்கவில்லை.

அதன் பிறகு அன்று முழுக்க நான் உண்மையைத் தவிர ஒன்றும் பேசவில்லை.

"தறப்பாளை இறுக்கிக் கட்டாதையுங்கோ குலம். நடுவில ஒரு தடி வைச்சுக் கூரை மாதிரி உயர்த்துங்கோ. மழைத்தண்ணி வழிஞ்சு போகும். முன்னுக்கும் பின்னுக்கும் காத்துப் போக வழி விடுங்கோ. வள்ளம் மூச்சு விடவேணும்."

"வள்ளமில்லை, போட்," என்றார். "மூச்சு விட அதென்ன பசு மாடே?"

ஆறு சுருள் டேப். ஒரு எறும்பு உள்ளே போகவேண்டுமென்றாலும் கடிதம் போட்டுக் கேட்கவேண்டும், அப்படி ஒட்டினார். நடுவில் ஒரு வாசல் மட்டும், சாமான் வைக்க, பிறகு அடைப்பதற்காக விட்டிருந்தார்.

"ஈரத்தை உறிஞ்சுறதுக்கெண்டே பெட்டி விக்குது. கடையில வாங்கி நாலு மூலைக்கும் வையுங்கோ. வேற ஒண்டும் வைக்காதையுங்கோ. முக்கியமாச் சாப்பாட்டுச் சாமான் வைக்கவே கூடாது."

இதைக் கேட்டதும் அவருடைய முகம் மலர்ந்தது.

"அண்ணை, என்ர போன் தண்ணிக்குள்ள விழுந்த நேரம் என்ன செய்தனான்? அரிசி வாளிக்குள்ள இரண்டு நாள் போட்டு எடுத்தனான். இப்பவும் வேலை செய்யுது. போனுக்குச் சரியெண்டால் போட்டுக்கு ஏன் சரிவராது?"

எங்கள் ஆட்களில் போனை அரிசிக்குள் புதைக்காதவர் யார்? பிரச்சினை என்னவென்றால், குலசேகரத்தின் கடையில் அப்போது அரிசி நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. விற்காமல் கிடந்தது வேறு. தெருவில் இந்தியத் தமிழ்க் குடும்பங்கள் வந்து சேருகிறார்கள் என்று நம்பி இறக்கிய இட்லி ரவை பதினான்கு மூட்டை. அதோடு உழுத்தம்மா ஏழு மூட்டை. எல்லாம் திகதி முடிந்தவை. அவற்றைக் கடை வாகனத்தில் கொண்டு வந்து, மூட்டைகளின் வாயைத் திறந்து, படகின் அறைக்குள் வரிசையாக அடுக்கினார். இரண்டுக்கு ஒன்று. அளவை நான் சொல்லவில்லை. கேட்டிருந்தால் மூன்றுக்கு ஒன்று என்று உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர் இரண்டுக்கு ஒன்று போட்டிருப்பார்.

"உப்பு மட்டும் வைச்சிடாதையுங்கோ," என்றேன். "இரும்பெல்லாம் துருப்பிடிக்கும்."

கல்லுப்பு இரண்டு பை வைத்தார்.

வாசலையும் அடைத்து டேப் ஒட்டி, கையைத் தட்டிக்கொண்டு, "எப்பிடி அண்ணை, லண்டனில இப்பிடி ஒரு பாதுகாப்புக் கண்டிருக்கிறியளோ?" என்றார்.

"இல்லை குலம்," என்றேன். அதுவும் உண்மை.

திரும்பும் வழியில் முருகனிடம் போய் குலசேகரத்தின் பெயரில் ஒரு அர்ச்சனை செய்வித்தேன். ராசி, நட்சத்திரம் எல்லாம் சரியாகச் சொன்னேன். ஆள் மாறிப் போய்விடக்கூடாது.

கார்த்திகை போயிற்று. மார்கழி போயிற்று. சனிக்கிழமைகளில் மண்டபத்தில் "குடை அண்ணைக்குக் கொஞ்சம் குழம்பு விடு" என்பார் குலசேகரம். நான் சிரித்துக்கொண்டே இலையை நீட்டுவேன்.

தைமாதம் முதல் கிழமை குளிர் பூச்சியத்துக்கு ஏழு பாகை கீழே இறங்கியது. கண்ணாடிக் கதவில் உள்பக்கமாகப் பனி பூத்திருந்தது. பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. இரண்டு நாளில் தவநாயகியின் குழாய் வெடித்தது. மூன்றாம் நாள் பனி உருகியதும் நூற்றிருபது லீற்றரும் மூட்டைகளுக்குள் இறங்கியது. மூடியிலே குளம் மாதிரித் தேங்கிய மழைத்தண்ணீர், தறப்பாள் தொய்ந்த இடத்தால் கசிந்து இன்னொரு நூறு லீற்றர் கொடுத்தது. நான்காம் நாள் புயல். பெயர் வைத்த புயல்தான். பெயர் இப்போது ஞாபகமில்லை. மூன்று பகல் முழுக்க அந்தப் படகு சில்லுகளின் மேல் நின்று இடமும் வலமும் ஆடியது. இல்ஃபோர்டில் எத்தனையோ வீடுகளில் கிரைண்டர் இருக்கிறது. அப்படி ஒரு சீராக எதுவும் ஆட்டியிராது.

குலசேகரம் போன் எடுத்தார். குரலில் கொஞ்சம் சந்தேகம்.

"அண்ணை, தவநாயகிக்குள்ள களக் களக் எண்டு சத்தம் கேக்குது."

"உடனே தறப்பாளைத் திறந்து எல்லாத்தையும் வெளியில எடுத்துக் காயவிடுங்கோ. ஹீட்டர் கீட்டர் போட்டிடாதையுங்கோ குலம். ஈரமும் சூடும் சேர்ந்தால் கூடாது."

அவர் யோசிப்பது கேட்டது. ஹீட்டர் என்ற யோசனையே அதுவரை அவருக்கு வந்திருக்கவில்லை.

"சரி அண்ணை," என்று வைத்துவிட்டார். வைத்த கையோடு, வீட்டிலிருந்த எண்ணெய் ஹீட்டரைக் கொண்டுபோய் ஒரு மூலையைக் கிழித்து உள்ளே தள்ளி, வயரைக் குசினி யன்னலால் இழுத்து, மெல்லிய சூட்டில் போட்டு, கிழித்த இடத்தைத் திரும்பவும் டேப்பால் ஒட்டினார்.

இரண்டு நாள் கழித்து நானே போனேன். அழைப்பு இல்லாமல் போனேன். ஒருவனைப் பழிவாங்கும்போது கிட்ட நின்று பார்க்காவிட்டால், செய்ததற்கு என்ன அர்த்தம்?

தெரு முனையிலேயே மணம் வந்தது. பக்கத்து வீட்டு வத்சலா, கோயம்புத்தூர்க்காரி, டாக்டர், வாசலில் நின்று கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், உங்க ஃபிரெண்டு வீட்ல மாவு பொங்கிடுச்சா? ரெண்டு நாளா எங்க பெட்ரூம் வரைக்கும் வாசனை வருது. வேணும்னா நான் சட்னிக்குத் தேங்காய் எடுத்து வைக்கிறேன்."

"கொஞ்சம் கூடத் திருவுங்கோ பிள்ளை," என்றேன்.

பக்கவாட்டுக்குப் போனால், தவநாயகி எட்டாம் மாதத்தில் நின்றாள். நீலத் தறப்பாள் மேலே திரண்டு, கயிறுகள் சதைக்குள் இறுகிய மாதிரி இறுகி, டேப் ஒவ்வொன்றாக 'ட்டப்' என்று விட்டுக்கொண்டிருந்தது. குலசேகரம் அதன் மேல் வயிற்றை வைத்து அமுக்கிக்கொண்டு படுத்திருந்தார். அது மெதுவாக அவரை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. வள்ளம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

"அண்ணை, இது என்னண்ணை?" என்றார். எழுபத்தொரு வயது மனிதர். கண் கலங்கியிருந்தது. எனக்கு மனம் அப்படியே குளிர்ந்தது.

"ஈரம் குலம். ஹீட்டரை நிப்பாட்டுங்கோ. தயவுசெய்து நிப்பாட்டுங்கோ."

தயவுசெய்து என்ற சொல்லைச் சேர்த்தது வேண்டுமென்றுதான். நான் கெஞ்சினால் அவர் இன்னும் உறுதியாகிவிடுவார் என்று தெரியும்.

"காயாமல் என்னெண்டு நிப்பாட்டுறது?" என்று இறங்கிப் போய், ஹீட்டரை முழுச் சூட்டில் திருகினார்.

அடியில் மிச்சமிருந்த தண்ணீர் கொதித்தது. மேலே மூடி. நடுவில் மாவு. ஆவி வெளியே வர வழி ஒன்றே ஒன்று, கப்பல் சங்கு மாதிரிப் படகின் முன்னால் பொருத்தியிருந்த ஊதுகுழல். அதன் வழியாக அந்த ஆவி ஊதிய ஊதலில் எங்கேயோ தள்ளியிருக்கும் வெஸ்ட்ஃபீல்ட் கடைத்தொகுதிப் பக்கமிருந்து ஒருவர் போன் எடுத்து, ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டாராம். நாற்பது நிமிடம் ஊதியது. பிறகு நின்றது.

வேலிக்கு அப்பால், வத்சலா காரில் ஏறிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"பத்து நிமிஷம் ஆறவிட்டு எடுங்க அங்கிள். சூட்டோட எடுத்தா ஒட்டிக்கும்."

பத்து நிமிடம் பொறுத்தோம். நான் மணிக்கூடு பார்த்தேன். பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தறப்பாளை உரித்தோம்.

பதினாறு அடி. வெள்ளை. மேலே கயிறு பதிந்த கோடுகள், அதைத் தவிர ஒரு வடு இல்லை. முன்பக்கம் கூர்ந்து, பின்பக்கம் அகன்று, படகின் வடிவத்திலேயே ஒரு இட்லி. நான் விரலால் அமுக்கிப் பார்த்தேன். அமுங்கி, பழையபடி மேலே வந்தது. ஓரத்தில் கொஞ்சம் பிய்த்து வாயில் போட்டேன். உப்பு அளவாக இருந்தது.

குலசேகரம் சீமெந்துத் தரையில் சப்பாணி கட்டி உட்கார்ந்துவிட்டார். பிறகு திடீரென்று எழும்பி, "படம் எடுக்கவேணும், படம் எடுக்கவேணும்" என்று போனை எடுத்துக்கொண்டு விளிம்பில் ஏறினார். மேலிருந்து எடுக்க எட்டிக் குனிந்த இடத்தில் போன் நழுவி, ஒரு வெடிப்புக்குள் விழுந்து, உள்ளே உள்ளே போய்விட்டது. உள்ளேயிருந்து இரண்டு தரம் அடித்தது. கனடாவிலிருந்து மனைவியாக இருக்கும். இந்த முறை அதைக் காயவைக்க வேறெங்கும் அரிசி தேடவேண்டியிருக்கவில்லை.

நான் என் போனை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். வேண்டுமென்றுதான்.

அப்போதுதான் பறவைகள் வந்தன. முதலில் நாலு காகம். பிறகு ஆற்றுப் பக்கமிருந்து கடற்காகங்கள். பிறகு, இந்த லண்டன் மரங்களில் கூட்டமாய் இருந்து கத்துமே, அந்தப் பச்சைக்கிளிகள், ஒரு நானூறு. பின்னேரம் மூன்று மணிக்குள் ஒரு துண்டு மிச்சமில்லை, போனையும் கொண்டுபோய்விட்டன. கிளிகளுக்குப் பறக்க ஏலவில்லை. வரிசையாக நடைபாதையில் இறங்கி வலன்டைன்ஸ் பார்க் பக்கமாக நடந்தன. சந்திச் சிக்னலில் பச்சை மனிதன் எரியும்வரை நின்று பிறகுதான் கடந்தன. இந்த நாட்டில் வளர்ந்த கிளிகள்.

ஒரு விசயத்தில் மட்டும் எனக்கு மனக்குறை. உள்ளே எட்டிப் பார்த்தால், படகு எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது. ஒரு புள்ளி ஈரமில்லை, பூஞ்சணமில்லை. எல்லாவற்றையும் இட்லி குடித்துவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் லண்டனிலேயே ஈரத்திலிருந்து தப்பிய ஒரே படகு தவநாயகிதான்.

அடுத்த சனிக்கிழமை. நான் மண்டபத்துக்கு அரை மணி முந்திப் போய், எல்லாரும் தெரிகிற மாதிரி ஒரு கதிரையைப் பிடித்தேன். வெள்ளை வேட்டி கட்டியிருந்தேன்.

குலசேகரத்தால் பொறுக்க முடியவில்லை. பருப்பு வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டார்.

"கேளுங்கோ, ஒரு அதிசயம். தவநாயகி முழுக்க மாவு! வயிறு இவ்வளவுக்கு ஊதி, கட்டின கயிறெல்லாம் அறுந்து, கடைசியில ஆவி விட்டு ஊதத் தொடங்கீட்டாள்."

றஜீவ் சோற்றுச் சட்டியோடு நின்றான்.

"அக்கா கனடாவில எண்டெல்லோ சொன்னனியள்?"

"மனுசியில்லையடா, போட்! போட்டுக்குள்ள இட்லி அவிஞ்சுபோச்சு. பதினாறு அடி இட்லி!"

முதலில் ஒருவர் தும்மினார். அது தும்மல் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. நாற்பது பேரும் இலைக்கு மேல் குனிந்துவிட்டார்கள்.

"எங்கை இட்லி?" என்று ஒருவர் கேட்டார்.

"கிளி திண்டிட்டுது."

"படம்?"

"போனையும் கிளி கொண்டுபோயிட்டுது."

"கிளி உங்களுக்குப் போன் எடுத்ததோ அதுக்குப் பிறகு?" என்றான் றஜீவ்.

"பக்கத்து வீட்டு டொக்டரைக் கேளுங்கோ! அவவின்ர வீட்டுக்கும் மணம் வந்தது!"

"மணம் வந்து சாட்சி சொல்லுமோ குலமண்ணை?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "அவ விம்பிள்டன் கோயிலுக்குப் போறவ. இங்க ஆருக்கு அவவைத் தெரியும்?"

குலசேகரத்தின் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. நாலா பக்கமும் பார்த்தார். பார்வை சுற்றிக்கொண்டு வந்து என்னில் நின்றது. ஐந்து மாதமாக நான் காத்திருந்த பார்வை.

"அண்ணை! நீங்கள் நிண்டனியள்தானே? பக்கத்தில நிண்டனியள்! சொல்லுங்கோ அண்ணை!"

நான் அவசரப்படவில்லை. தண்ணீர் குடித்தேன். வாயைத் துடைத்தேன்.

"நான் சொல்லி என்ன குலம்? நான் புளுகனெல்லோ. என்ர சொல்லை இங்க ஆர் எடுப்பினம்?"

"இல்லை அண்ணை, அது பகிடிக்கு..."

"பகிடிக்கோ, நிசத்துக்கோ, எனக்குத் தெரியாது. சபையில சொன்னது. சபைதான் அதை மறக்கவேணும்."

குலசேகரம் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். கையைத் தலைக்கு மேல் கூப்பினார்.

"எல்லாரும் கேளுங்கோ. நான் சொன்னது பிழை. அண்ணை பொய் சொல்லத் தெரியாத மனுசன். குடையில பறந்தவர் எண்டால் பறந்தவர்தான். அவர் ஒண்டைக் கண்டனெண்டால் கண்டது, காணேல்லையெண்டால் காணேல்லை. இதுக்கு மேல நான் என்ன சொல்ல? முருகன் மேல ஆணை."

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆவணியில் செத்த என் சொல் எழும்பி நிமிர்ந்து என் பக்கத்தில் வந்து நின்றதை நான் உணர்ந்தேன். அதை ஒருமுறை ஆசை தீரப் பார்த்தேன். பிறகு எழும்பினேன்.

"நான் இல்ஃபோர்டுக்குப் போனது உண்மை," என்றேன். "குலத்தின்ர வீட்டுக்குப் போனதும் உண்மை. ஆனால் இட்லியெண்டு ஒண்டையும் நான் காணேல்லை."

உட்கார்ந்து, றஜீவிடம், "பருப்பைக் கொண்டு வா தம்பி" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே பொய் அது. எவ்வளவு நன்றாக அது வேலை செய்தது என்று பார்த்தபோது, எழுபத்தெட்டு வருடத்தை வீணாக்கிவிட்டேனோ என்றும் தோன்றியது. குலசேகரத்துக்குப் பக்கத்துக் கதிரைக்காரர் மெதுவாகத் தன் கதிரையை இரண்டு அங்குலம் தள்ளிக்கொண்டார். அன்றிலிருந்து அவருக்கு மண்டபத்தில் பெயர் 'இட்லிக் குலம்'. "கடையில அரிசி வந்திருக்கு" என்று அவர் சொன்னால், ஆட்கள் போய்க் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பையை எடுக்கிறார்கள். போன சனிக்கிழமை, பாயாசம் அடிப்பிடித்துவிட்டது என்று அவர் சொன்னார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஒரு வாய் குடித்துவிட்டு, நல்ல பாயாசம் என்று தலையாட்டினேன். நாற்பது பேரும் குடித்தார்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். குலசேகரம் அந்தப் படகை எனக்கு விற்று, இந்தப் பங்குனியோடு ஆறு வருடமாகிறது.